நாலு பேரிடம் காட்டிய நாய்: கடலூரில் ஓர் உண்ணிக் காய்ச்சல்

நிகழ்வு எது

நான் புதுச்சேரியில், கடலூர் சாலைப் பக்கம், நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். ஒரு பங்குனி மாதம் கடலூர்க் குடும்பம் ஒன்று மூக்கில் ரத்தம் ஒழுகும் லேப்ரடார் நாயை என்னிடம் கொண்டுவந்தது. எனக்கு முன்பே மூன்று பேர் அந்த நாயைப் பார்த்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் நோயைச் சரியாக ஊகித்து, சரியான மாத்திரையையும் சரியான அளவில் எழுதியிருந்தார். அவரிடம்தான் குடும்பம் ஒரே ஒரு முறை போய்விட்டு, திரும்பிப் போகாமல் இருந்தது.

அது ஏன் அப்படி ஆனது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாய் தேறிய பிறகு அப்பா, அம்மா, மகள் மூவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். மருந்துச் சீட்டு, ரசீது, மகள் போனில் எடுத்து வைத்திருந்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டு நடந்ததை வரிசைப்படுத்தினேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு. ஆட்களின் பெயரோ மருத்துவமனைகளின் பெயரோ இதில் இல்லை.

பின்னணி

வீடு திருப்பாதிரிப்புலியூரில். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மகளுக்குப் புதுச்சேரியில் அலுவலக வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய் இரவு ஏழரைக்கு மேல் திரும்புவார். நாய் ஆண், 4 வயது, எடை 30 கிலோ. வாங்கி வந்தது மகள், சோறு வைப்பதும் குளிப்பாட்டுவதும் அம்மா, செலவுக்குக் கணக்குப் பார்ப்பது அப்பா. இந்தப் பிரிவினை பின்னால் வந்த ஒவ்வொரு முடிவிலும் தெரிகிறது.

இதற்கு முன் அவர்களிடம் ஒரு நாட்டு நாய் இருந்தது. பல வருஷம் திண்ணையிலேயே கிடந்து வளர்ந்த அது, வெறிநோய்த் தடுப்பூசிக்குத் தவிர வேறு எதற்கும் டாக்டரைப் பார்த்ததில்லை. லேப்ரடார் வந்த பிறகுதான் நாய்க்கு ஒரு டாக்டர் வேண்டும் என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்தது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் நாய்க்கு ஊசி போடுபவரின் நம்பரைக் கொடுத்தார். அவர் பைக்கில் வீட்டுக்கே வருவார். பிளாஸ்கில் ஐஸ் போட்டுத் தடுப்பூசி எடுத்துவருவார், நகம் வெட்டுவார், காது துடைப்பார். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வருவார். வீட்டில் அவருக்கு 'டாக்டர் தம்பி' என்று பெயர்.

அவர் மருத்துவர் அல்ல. பல வருஷம் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்து, பிறகு தனியாக ஊசி போட ஆரம்பித்தவர். கால்நடை மருத்துவம் பார்க்க பி.வி.எஸ்சி. பட்டம் பெற்று, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். பட்டயம் பெற்ற கால்நடை உதவியாளர்கள் சில சிறு சேவைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். ஆனால் அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். பதிவு எண் என்று ஒன்று இருப்பது இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. "அவர் எங்க படிச்சாருன்னு கேட்டீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "வீட்டுக்கு வந்து செய்யற புள்ளைகிட்ட அதெல்லாம் எப்படி சார் கேக்கறது?" என்றார்.

வேறு வழி இல்லாததால் அவரைக் கூப்பிட்டார்கள் என்றில்லை. அரசுக் கால்நடை மருத்துவமனை இருப்பது தெரியும். அது ஆடு மாட்டுக்கான இடம் என்பது அப்பாவின் எண்ணம். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருப்பது மகளுக்குத் தெரியும். அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது: "படிக்கிற பசங்க கத்துக்க நம்ம நாயா கெடச்சுது?" இந்தப் பேச்சைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு எழுதியாக வேண்டும், எழுதியதை ஆசிரியர் பார்ப்பார். இந்த நாயின் விஷயத்தில் விடுபட்டுப் போனது அந்தக் கேள்விகள்தான்.

முதல் வாரம்: மூன்று ஊசி

ஒரு திங்கட்கிழமை நாய் காலைச் சோற்றைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை உடம்பு சுட்டது. அம்மா டாக்டர் தம்பிக்கு போன் போட்டார். அவர் மதியம் வந்து தொட்டுப் பார்த்து, "சூடுக்கா, வெயில் ஒத்துக்கல" என்று இரண்டு ஊசி போட்டார். 300 ரூபாய். அன்று ராத்திரியே நாய் எழுந்து வந்து வாலாட்டி, வைத்த சோறு முழுவதையும் தின்றது.

அவருக்குக் கைராசி என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அன்றைக்கு அது உறுதியானது.

அந்த ஊசிகள் என்னென்ன என்று பின்னால் அவரிடமே போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் தயங்கினார், அப்புறம் பாட்டிலைப் பார்த்தே படித்துச் சொன்னார். ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மற்றொன்று வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் மெலாக்சிகாம். ஸ்டீராய்டு போட்டால் காய்ச்சல் இறங்கும், பசியும் வரும், நாய் தெம்பாகத் தெரியும். காரணம் எதுவானாலும் ஒரு நாள் இரண்டு நாளுக்கு இது நடக்கும், நோய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு மருந்தையும் சேர்த்துப் போட்டால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். பார்க்கும் குடும்பத்துக்கோ, பட்டினி கிடந்த நாய் சாப்பிட்டது ஒன்றுதான் தெரியும். அதை வைத்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி காய்ச்சல், அதே ஊசிகள். பாதிச் சோறு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை. இந்த முறை ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் வாரம்: சரியான சீட்டு

திங்களன்று மகள் அரை நாள் விடுப்பு எடுத்தார். போனில் தேடி, அதிக நட்சத்திரம் வாங்கிய கிளினிக்கைத் தேர்ந்தெடுத்தார். அந்த விமர்சனங்களை நானும் பிறகு படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் நாய்க்கு முடி வெட்டியது, குளிப்பாட்டியது, ஏசி இருந்தது, வரவேற்பில் இருந்த பெண் நன்றாகப் பேசியது பற்றியே இருந்தன. கண்ணில் பட்டதைத்தானே மக்கள் எழுத முடியும்.

அங்கே இருந்த மருத்துவர் செய்த பரிசோதனையில் நான் குறை காணவில்லை. சீட்டில் எல்லாம் இருக்கிறது: காய்ச்சல் 104.2 டிகிரி, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கிறது, ஈறு கொஞ்சம் வெளுப்பு, காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், 1,500 ரூபாய். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை தினமும் 300 மில்லிகிராம், 28 நாள். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்குக்கு அது சரியாகவே பொருந்துகிறது.

உள்ளே நடந்த பேச்சு மூவருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது. அவர் கணினியைப் பார்த்தபடியே "பிளட் டெஸ்ட் எடுக்கணும், டிக் ஃபீவரா இருக்கலாம்" என்றார். அப்பா, "டெஸ்ட் இல்லாம பாக்க முடியாதா சார்?" என்றார். "முடியாதுன்னு இல்ல, எடுத்தா நல்லது." அவ்வளவுதான். வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பரிசோதனைக்கு அப்பா சம்மதிக்கவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஆட்டோவிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பாத்ததும் சொல்லத் தெரியாதவருக்கு என்ன டாக்டர் வேலை?" இது அப்பா. "நாயைத் தடவிக்கூடக் குடுக்கல." இது அம்மா. தொட்டுத்தான் பார்த்திருக்கிறார், நெறி கட்டியிருப்பது தொடாமல் தெரியாது. ஆனால் சோதிக்கும் கையும் கொஞ்சும் கையும் அம்மாவின் கண்ணுக்கு வேறுவேறு. பிறகு அந்த 28 நாள்: "காய்ச்சலுக்கு எங்க டாக்டரே மூணு நாளைக்குத்தான் மாத்திரை குடுப்பாரு. இவரு ஒரு மாசத்துக்கு எழுதறாருன்னா மாத்திரை விக்கத்தான?"

இந்த உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிச்சியா கேனிஸ் என்ற நுண்ணுயிர் ரத்த வெள்ளணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் நாய் தேறியதுபோல் தெரியும், ஆனால் உடம்பைவிட்டு அது போகப் பல வாரம் ஆகும். அதனால்தான் 28 நாள். சொல்ல அரை நிமிஷம் பிடித்திருக்கும்.

அம்மா மாத்திரையைக் கொடுக்கத்தான் செய்தார். அவர் தைராய்டுக்கு மாத்திரை போடுகிறவர், விடியற்காலை வெறும் வயிற்றில். நாய்க்கும் அதே நேரத்தில் அதே மாதிரி கொடுத்தார். வெறும் வயிற்றில் டாக்சிசைக்ளின் குமட்டும், வாந்தி வரும். வந்தது. அடுத்த நாள் தயிர் சாதத்தில் வைத்துக் கொடுத்தார், அதோடு வீட்டில் இருந்த கால்சியம் டானிக்கும். பாலிலும் டானிக்கிலும் உள்ள கால்சியம் அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று ஆங்கிலச் சுருக்கத்தில் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்த மகள் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருப்பார். நான்காம் நாள் மறுபடி வாந்தி. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். கிளினிக்குக்கு போன் செய்து கேட்கலாம் என்று தோன்றவில்லையா என்றேன். "அவரு எடுப்பாருன்னு தோணல" என்றார் மகள்.

மூன்றாவது இடம்: டிரிப்

சனிக்கிழமை இன்னொரு மருத்துவரிடம் போனார்கள். இவரைச் சொன்னது, பக் இன நாய் வளர்க்கும் ஒரு உறவுக்காரர். இவரும் முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். உள்ளே போனதும் தரையில் உட்கார்ந்து நாயின் தலையைத் தடவினார், பெயர் கேட்டார், "என்னடா ராஜா" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அங்கேயே அவர் 'நம்ம டாக்டர்' ஆகிவிட்டார்.

இங்கேதான் முக்கியமான ஒன்று நடந்தது. இதற்கு முன் எங்கே காட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தார்கள். "வேற டாக்டர்கிட்ட போயிட்டு வரோம்னு சொன்னா கோவிச்சுக்குவாரு" என்பது அப்பாவின் கணக்கு. கிளினிக் சீட்டு மகளின் கைப்பையிலேயே இருந்தது. அவருக்குச் சொல்லப்பட்டதெல்லாம், மூன்று நாளாக வாந்தி, சாப்பாடு இல்லை. மூன்று ஸ்டீராய்டு ஊசியும் நாலு நாள் டாக்சிசைக்ளினும் காய்ச்சலையும் நெறிகட்டலையும் அமுக்கி வைத்திருந்தன. உண்ணியை அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டிருந்தார். ஆக, அவர் முன்னால் நின்றது வாந்தியெடுக்கும் ஒரு நாய், அவ்வளவே. வயிற்றுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மூன்று நாள் டிரிப் ஏற்றினார். வாந்தி நிற்க ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக், வைட்டமின். அந்த ஆன்டிபயாட்டிக் செஃப்ட்ரியாக்சோன், எர்லிச்சியாவிடம் அது வேலை செய்யாது. சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் அவர் எடுத்த முடிவில் நியாயம் உண்டு. சொல்லப்படாததைக் கேட்டிருக்கலாம்.

டிரிப் ஏறியதும் நாய்க்குத் தெளிச்சி வந்தது. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கஞ்சி குடித்தது. புதன்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு இடது மூக்கிலிருந்து ரத்தம் சொட்ட ஆரம்பித்தது.

நம்ம டாக்டருக்கு போன் அடித்தார்கள், எடுக்கவில்லை. கிளினிக் நம்பர் அணைந்திருந்தது. டாக்டர் தம்பி எடுத்தார், கால் மணி நேரத்தில் வந்தார். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பையைத் திறக்கவே இல்லை. "அக்கா, இது என் கையில இல்ல. நான் ஊசி எதும் போடல. காலையில முதல் வேலையா பாண்டிக்குக் கூட்டிப் போங்க" என்றார். மூக்கின் மேல் ஐஸ் ஒத்தடம் வைக்கச் சொல்லிவிட்டு ஒரு மணி வரை கூடவே இருந்தார். இந்த நிகழ்வில் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அனுப்பியவர் அவர்தான். அதையும் பதிவு செய்தாக வேண்டும்.

என் பரிசோதனையில் கண்டவை

ஆட்டோக்காரர்கள் ரத்தம் பார்த்து ஏற்ற மறுக்க, தெரிந்தவரின் லோடு ஆட்டோவில் ஆல்பேட்டை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக வந்து சேர்ந்தார்கள். நாய் நின்றது, ஆனால் நடக்க மனமில்லை. காய்ச்சல் 103.4. ஈறு வெளிறியிருந்தது. அடிவயிற்றில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. மலம் கறுப்பு.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 22,000. நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டாலும் இயந்திரம் குறைவாகக் காட்டும் என்பதால் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன், உண்மையிலேயே குறைவுதான். சிவப்பணுக்களின் பங்கு 24 சதவீதம், 37க்குக் கீழ் போனாலே சோகை. எர்லிச்சியாவுக்கான கிட் பரிசோதனையில் கோடு விழுந்தது, அதாவது பாசிட்டிவ். இதே உண்ணி பரப்பும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் தேடினேன், ரத்தப் பூச்சில் தென்படவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

டாக்சிசைக்ளினை அதே அளவில் திரும்பத் தொடங்கினேன், சோற்றோடு. தட்டணு இவ்வளவு இறங்கும்போது குறைந்த அளவில் ஸ்டீராய்டு சில நாள் கொடுப்பவர்கள் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. இந்த நாய்க்கு நான் கொடுக்கவில்லை. ஏற்கெனவே மூன்று முறை ஏறியிருந்தது, மெலாக்சிகாமும் சேர்ந்திருந்தது, மலம் கறுப்பாக இருந்தது. குடலில் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த முடிவு ஊசிகளின் பெயர் தெரிந்ததால்தான் எடுக்க முடிந்தது. வயிற்றுக்குப் பாதுகாப்பு மருந்து, கண்ணுக்குச் சொட்டு. ரத்தம் ஏற்றத் தேவைப்பட்டால் என்று, எனக்குத் தெரிந்த ஒருவரின் பெரிய நாயைச் சொல்லி வைத்தேன். சிவப்பணுக்களின் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஏற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். இறங்கவில்லை.

இரண்டாவது முடிவு, யாரிடம் பேசுவது என்பது. என் எதிரே உட்கார்ந்து பேசியவர் மகள். மாத்திரை கொடுக்கப்போவது அம்மா, அவர் வெளியே நாயோடு நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். தட்டணு எங்கே இருக்க வேண்டும், எங்கே இல்லை என்று காட்டினேன். ஒரு தாளில் 28 கட்டம் போட்டு, 'சோறு தின்ற பிறகு, தயிர் பால் டானிக் வேண்டாம், பிறகு தண்ணீர்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "இதத்தானே அந்த மொத டாக்டரும் எழுதினாரு?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

மூன்றாவது முடிவுக்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. தேறும் வரை நாய் என்னிடமே வரட்டும் என்பது அவர்கள் விருப்பம். தட்டணு குறைந்த 30 கிலோ நாயை 20 கிலோமீட்டருக்கு மேல் லோடு ஆட்டோவில் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவருவது சரியில்லை. இரண்டு நாள் என்னிடம் வைத்திருந்து, ரத்தக் கசிவு நின்றதும், கடலூரில் முதலில் பார்த்த அந்தக் கிளினிக் மருத்துவரிடமே தொடரச் சொன்னேன். அவர்கள் முன்பாகவே அவருக்கு போன் செய்து ரத்த முடிவுகளைச் சொன்னேன். அவருக்கு நாய் நினைவிருந்தது. "டெஸ்டுக்கு வருவாங்கன்னு பாத்தேன், வரலையே" என்றார். அவர் பக்கத்தில், குடும்பம் வராமல் போனது என்பதுதான் கதை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு நடந்தது

மூன்றாம் நாள் நாய் தானாகச் சாப்பிட்டது. ஒரு வாரத்தில் தட்டணு 96,000. 28 நாள் முடிவில் 2,10,000. அதன்பின் மூன்று மாதம் கழித்துக் கடலூரிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்ல நிலை. இடது கண்ணில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. அது போகாது என்று நினைக்கிறேன்.

கடலூர் மருத்துவர் இரண்டாம் முறை அவர்களை நடத்திய விதம் வேறாக இருந்ததாம். பேசினார், கட்டம் போட்ட தாளைப் பார்த்துச் சிரித்தார், அம்மாவின் டிக் அடையாளங்களை எண்ணினார். அவர் மாறிவிட்டாரா, அல்லது நோயின் பெயர் தெரிந்துவிட்டதால் இவர்களுக்கு அவர் பேசுவது புரிந்ததா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

வீட்டை உண்ணியிலிருந்து சுத்தம் செய்வதுதான் அதிக வேலை வாங்கியது. இந்தப் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், வீட்டுக்குள்ளேயே பல தலைமுறை ஓட்டும். வராந்தாச் சுவரின் விரிசல்களைச் சிமெண்டு வைத்து அடைத்தார் அப்பா. நாய்க்கு 12 வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் உண்ணி மாத்திரையின் விலையைக் கேட்டு முதலில் முகம் சுளித்தார். அப்புறம் நாலு இடத்தில் ஆன செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டார். என்னிடம் வருவதற்கு முன்பே அது 5,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. வேண்டாம் என்று விட்ட பரிசோதனை 1,500.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்

மூவரிடமும் தனித்தனியாகக் கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு, நாய் டாக்டரைப் பார்த்தால் என்ன செய்கிறது என்பதுதான் அளவுகோல். வாலாட்டினால் நல்லவர், மேஜைக்கு அடியில் நுழைந்தால் சரியில்லை. மகள் இடத்தைப் பார்க்கிறார்: சுத்தம், நட்சத்திரம், வாட்ஸ்அப்பில் பதில் வருமா. அப்பா விலையையும் வேகத்தையும் பார்க்கிறார். வேகம் என்றால், பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்வது. ரத்தப் பரிசோதனை கேட்பவர் அப்பாவின் கணக்கில் தெரியாதவர். மூவரில் யாரும் பதிவு எண்ணையோ, ரத்தப் பரிசோதனை வசதியையோ, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்பதையோ கேட்டதில்லை.

மருத்துவத்தின் தரத்தை வெளியிலிருந்து அளக்க வழியில்லாதவர்கள், கண்ணுக்குத் தெரிவதை வைத்து அளக்கிறார்கள். என் பல்லுக்கு டாக்டர் தேடியபோது நானும் அதைத்தான் செய்தேன். அதனால் மனிதர்களின் அளவுகோலைத் திருத்துவதைவிட, கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைப்பது எங்கள் வேலை என்று தோன்றுகிறது. என்ன நோய் என்று நினைக்கிறேன், எதனால் அப்படி நினைக்கிறேன், இந்தப் பரிசோதனை எதை மாற்றும் என்று மூன்று வாக்கியம் முதல் கிளினிக்கில் சொல்லப்பட்டிருந்தால் அப்பா 1,500 ரூபாயை எடுத்துக் கொடுத்திருப்பார். அவரே சொன்னார்.

இன்னொன்று இதைவிட முக்கியம். டாக்டரை மாற்றியது இந்த நாய்க்குச் செய்த கெடுதல் குறைவு. மாற்றும்போது சீட்டு கூடப் போகாததுதான் பெரிய கெடுதல். ஒவ்வொரு இடத்திலும் நோய் முதல் நாளிலிருந்து தொடங்கியது.

மாற்றியவை, மாறாதவை

எங்கள் இடத்தில் இப்போது முதல் கேள்வியே, "இதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட காட்டினீங்க? கோவிச்சுக்க மாட்டோம்" என்பதுதான். அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்த பிறகு கைப்பைகளிலிருந்து சீட்டுகள் வெளியே வருகின்றன. நீண்ட நாள் மாத்திரை எழுதினால் மூன்றாம் நாள் உதவியாளர் போன் செய்து வாந்தி உண்டா என்று கேட்கிறார். போடும் ஊசியின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். இதில் ஊசி விஷயத்தை இன்னும் முழுமையாகச் செய்ய முடியவில்லை, கூட்ட நாளில் விட்டுப்போகிறது.

டாக்டர் தம்பியை அந்த வீடு விடவில்லை. நகம் வெட்ட, காது துடைக்க வருகிறார். ஊசி வேண்டாம் என்று அம்மாவிடமும் அவரிடமும் சொன்னேன். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டியது, கடலூர் வெயிலில் பைக்கில் வரும் பிளாஸ்க் அதைக் காக்குமா என்பது சந்தேகம். அவர் போட்டவற்றைக் கணக்கில் எடுக்காமல், நாய் தேறிய பிறகு கிளினிக்கில் புதிதாகப் போட்டார்கள். ராத்திரி அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பது இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு அவரைத்தான் கூப்பிடுவோம் என்கிறார் அம்மா, "பாத்துட்டு எங்க போறதுன்னாவது சொல்லுவான்."

டிரிப் ஏற்றிய மருத்துவருக்கும் ரத்த முடிவுகளை அனுப்ப அப்பாவிடம் அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார். "நல்ல மனுஷன், அவரு மனசு கஷ்டப்படும்." அந்தத் தெரு வழியாகப் போவதையே இப்போது தவிர்க்கிறாராம். அந்த மருத்துவரின் பதிவேட்டில் இந்த நாய் இன்னும் வயிற்றுக் கோளாறு, மூன்று நாள் டிரிப், தேறியது என்றே இருக்கும்.